மலையில் போட்ட மதிப்பெண் கரையில் செல்லுமா?

மால்பெக் ஒயின் பாட்டிலின் முகச்சீட்டில் இப்போதெல்லாம் திராட்சையின் பெயருக்குச் சமமான எழுத்தில் ஓர் எண்ணும் அச்சாகிறது. 1,100 மீட்டர், 1,450 மீட்டர், 3,111 மீட்டர் என்று தோட்டம் இருக்கும் உயரம். விமர்சனங்களும் அந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. மலைக்காற்று, குளிர்ந்த இரவு, ஊதாப்பூ மணம் என்று படிப்படியாக ஏறி, 92 அல்லது 94 என்ற மதிப்பெண்ணில் போய் நிற்கின்றன. இந்த எழுத்துமுறை மீது எனக்கு நெடுநாளாக ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லும் போதெல்லாம் ஒயின் ரசிகர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. ஒயினை மதிப்பிடுவதுதான் சுவைஞர் வேலை, அது எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கடையில் கிடந்தது என்பதற்கு அவர் பொறுப்பாக முடியாது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால், நம் ஊர் வாசகனுக்கு எழுதும் ஒருவர் இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே என் வாதம்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் வெறும் விளம்பரச் சரக்கு என்று நான் கருதவில்லை. பிரான்சின் தென்மேற்கில் காவோர் வட்டாரத்திலும் போர்தோவிலும் வளர்ந்த மால்பெக்கை, மிஷெல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் 1853இல் அர்ஜென்டினாவுக்குக் கொண்டு சென்றார். 1956இன் கடும் பனி பிறந்த மண்ணில் அந்தக் கொடிகளைப் பெருமளவு அழித்தது. ஆண்டிஸ் மலையடிவாரத்து மென்டோசாவிலோ அது செழித்தது. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். மலைப்பனி உருகி வரும் நீரே பாசனம். 100 மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் 0.6 டிகிரி அளவுக்குக் குறைகிறது, புற ஊதாக் கதிர் கூடுகிறது. அந்தக் கதிரைத் தாங்க திராட்சை தன் தோலைத் தடிமனாக்குகிறது. நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. இரவு குளிர்வதால் பழத்தின் புளிப்பு எரிந்து தீர்ந்துவிடாமல் தங்குகிறது. அர்ஜென்டினா ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கட்டேனா 1992இல் உக்கோ பள்ளத்தாக்கின் குவால்தஜாரியில் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் கொடி நட்டபோது, அங்கே பழம் பழுக்காது என்று சொன்னவர்கள் உண்டு. பழுத்தது. நன்றாகவே பழுத்தது. அந்த ஒயினை அது இருக்க வேண்டிய நிலையில் குடித்தவர்கள் சொல்லும் புகழ்ச்சியில் பொய் இல்லை.

சுவைத்து மதிப்பிடும் முறையிலும் ஒழுங்கு உண்டு. நிறத்தைப் பார்ப்பது, கிண்ணத்தைச் சுழற்றி முகர்வது, வாயில் புரட்டிப் புளிப்பையும் துவர்ப்பையும் தனித்தனியே கவனிப்பது, உமிழ்ந்தபின் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பது எல்லாமே கவனத்தைப் பழக்கும் பயிற்சிகள். 1978இல் ராபர்ட் பார்க்கர் தொடங்கிய பத்திரிகை 100 மதிப்பெண் முறையைப் பரப்பியபோது, பழம்பெருமை பேசும் தோட்டங்களையும் பெயரில்லாத தோட்டங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அது வாங்குபவருக்குக் கிடைத்த ஒரு பாதுகாப்பு. அந்த மதிப்பெண்கள் நிலையற்றவை என்பதும் தெரிந்த செய்திதான். ராபர்ட் ஹாட்சன் 2008இல் வெளியிட்ட கலிஃபோர்னியா ஆய்வில், ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றப்பட்ட ஒரே ஒயினுக்கு நடுவர்களில் பெரும்பாலோர் வேறுவேறு மதிப்பெண் போட்டார்கள். பத்தில் ஒருவர் அளவுக்கே தம் மதிப்பெண்ணில் நிலையாக நின்றார்கள். மனித நாக்கு தடுமாறும், அதைக் குற்றமாகச் சொல்லி நிற்க எனக்கு விருப்பமில்லை.

உயரத்தை மட்டும் எண்ணாகச் சொல்வதிலும் ஒரு கோணல் உண்டு. மென்டோசா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கிறது. 3,111 மீட்டர் என்ற எண்ணுக்குரிய கொலோமே தோட்டம் இருக்கும் சால்டா மாநிலம் 25 டிகிரியை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் கிடக்கிறது. வெயில் கூடிய அந்த மண்ணில், தெற்கே குறைந்த உயரத்தில் கிடைக்கும் அதே குளிர்ச்சிக்காக இன்னும் மேலே ஏற வேண்டும். ஆகவே 3,111 மீட்டர் 1,450 மீட்டரைவிட இரு மடங்கு சிறந்தது என்ற தோற்றம் பொய். இதைச் சில விமர்சகர்களே எழுதியிருக்கிறார்கள், அதனால் இதையும் விட்டுவிடுகிறேன்.

என் மறுப்பு வேறு. உயர மால்பெக்கின் புகழுக்குக் காரணமானவற்றில் பெரும்பாலானவை குளிரால் வந்தவை. அவற்றை முதலில் அழிப்பது வெப்பம். இந்த ஒயினைப் பற்றி நம் ஊரில் எழுதப்படும் விமர்சனங்களில் குளிர் பக்கம் பக்கமாக இருக்கிறது, வெப்பம் ஒரு வரிகூட இல்லை.

ஒரு பாட்டிலின் பயணத்தை எண்ணிப் பார்க்கலாம். மென்டோசா கடலோரத்தில் இல்லை. சரக்கு லாரியில் கிழக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடந்து புவனோஸ் அய்ரஸ் போக வேண்டும், அல்லது மேற்கே ஆண்டிஸைத் தாண்டி சிலி துறைமுகத்துக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் வாரக்கணக்கான பயணம், நடுவே நிலநடுக்கோட்டைக் கடக்க வேண்டும். குளிர்சாதனம் இல்லாத இரும்புப் பெட்டி தளத்து வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தொடும். இந்தியத் துறைமுகத்தில் இறங்கியபின் சுங்கக் கிடங்கில் காத்திருப்பு. நெடுங்காலமாக 150 சதவீதமாக இருந்துவந்த தீர்வையைக் கட்டி எடுக்கும்வரை சரக்கு அங்கேதான். பிறகு மொத்த வியாபாரியின் குடோன், அதன்பின் மினி லாரி, கடைசியில் கடை.

அந்தக் கடை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். புதுச்சேரியில் தனியார் கடைகள், வரியும் வேறு. ஆகவே எல்லையை ஒட்டிய ஊர்களில் மது வியாபாரம் இயல்பாகவே கூடுகிறது. கனகசெட்டிக்குளம் அப்படிப்பட்ட ஊர். புதுச்சேரியின் வட எல்லையில், கிழக்குக் கடற்கரைச் சாலை தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. இந்தச் சாலையோரக் கடைகளின் வழக்கமான அமைப்பு இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பீர் மட்டும் குளிர்பெட்டிக்குள் இருக்கும். பிராந்தியும் ரம்மும் அலமாரியில் நிற்கும். அவற்றின் மேல்தட்டில், மின்விளக்குக்குக் கீழே, கூரைச் சூட்டுக்கு மிக அருகில், எப்போதாவது கேட்டு வருகிறவர்களுக்காக ஒயின் பாட்டில்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பிராந்தி எதையும் தாங்கும், அதில் சாராயம் 40 சதவீதத்துக்கு மேல். ஒயினில் 14 சதவீதம்தான். விலை கூடிய பாட்டில் விற்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் ஒரு கத்திரி வெயிலாவது கட்டாயம் வந்துபோகும். மே மாதத்தில் பகலில் 37, 38 டிகிரி, இரவிலும் 27க்குக் கீழே இறங்குவது அரிது. தை மாத விடியற்காலையில்கூட இந்தக் கரை 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஒயினைப் பத்திரமாக வைக்கப் பொதுவாகச் சொல்லப்படும் வெப்பநிலை 12, 13 டிகிரி.

வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பள்ளிக்கூட வேதியியல். 13 டிகிரியில் ஓராண்டில் நடக்க வேண்டிய மாற்றம் 33 டிகிரியில் மூன்றே மாதத்தில் நடந்துவிடுகிறது. பழைய ஒயினின் முதிர்ச்சி அப்படிச் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகம் பெறுவதில்லை. புதுப்பழ மணம் தரும் எஸ்டர்கள் உடைகின்றன. ஒயினைக் காக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு தீர்ந்துபோகிறது. பாட்டிலுக்குள் திரவம் விரிந்து தக்கையை மேலே தள்ளுகிறது, இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. ஊதாப்பூ மணம் போன இடத்தில் வேகவைத்த பழத்தின் மணமும் உலர்திராட்சை மணமும் வருகின்றன. அளவில் குறையாத புளிப்பு, மேலே இருந்த பழச்சுவை போய்விட்டதால் தனித்துத் துருத்தி நிற்கிறது. துவர்ப்பு வறண்டுபோகிறது. 1,450 மீட்டர் ஏறி வாங்கிய பலனில் பெரும்பகுதி கடல்மட்டத்து அலமாரியில் கரைந்துபோகிறது.

இதில் மால்பெக்குக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தும் சேர்கிறது. உயரத்தில் விளைந்த மால்பெக் ஏறக்குறைய மை நிறம். வெளிர்ந்த சிவப்பு ஒயின் கெட்டால் ஓரத்தில் செங்கல் நிறம் தட்டும், பார்த்த உடனே சந்தேகம் வரும். இந்த அடர்ந்த ஊதாவில் அந்த எச்சரிக்கை எளிதில் கண்ணுக்குப் படாது. துவர்ப்புச் சத்து நிறைந்த ஒயின் எதையும் தாங்கும் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அந்தச் சத்து ஆக்சிஜனை ஓரளவு தடுக்கும் என்பது சரி. மணத்தை வெப்பத்திடமிருந்து காக்க அதனால் ஆகாது. உடம்பு நிற்கும், உயிர் போயிருக்கும். விமர்சனத்தைப் படித்து நம்பி வாங்கியவர், தனக்குத்தான் ஒயின் ரசிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டுகிறார். இந்த வழக்கத்தால் விளையும் மிகப் பெரிய கேடு இதுதான் என்பேன். கெட்ட பாட்டிலுக்கான பழி குடித்தவரின் நாக்கின் மேல் விழுகிறது.

விமர்சகர் சுவைக்கும் பாட்டில் எது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது இறக்குமதியாளரோ தயாரிப்பாளரோ நேரடியாகக் கொடுத்த மாதிரி. குளிரூட்டிய அறையில், 16 முதல் 18 டிகிரியில், பளபளக்கும் கிண்ணத்தில் ஊற்றப்படுகிறது. அந்தப் பாட்டிலில் கோளாறு தெரிந்தால், தக்கை நாற்றம் அடித்தால், அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் திறக்கச் சொல்வது ஒயின் உலகின் ஏற்றுக்கொண்ட மரபு. அதாவது, கெட்டுப்போன பாட்டில் விமர்சனத்துக்குள் நுழையவே கூடாது என்பது விதி. வாங்குபவருக்கு அப்படி இரண்டாவது பாட்டிலைத் தருவார் யாருமில்லை. படகிலிருந்து இறங்கிய வஞ்சிரத்தைத் தின்று பார்த்து, அந்திச் சந்தையில் வெயில் குடித்துக் கிடக்கும் வஞ்சிரத்துக்குச் சான்று கொடுப்பதை யாரும் ஒப்பமாட்டார்கள். ஒயினில் மட்டும் அதைத் தரம் என்கிறோம்.

'மது பிறந்த நிலையைத்தான் சொல்ல முடியும், அலைந்த நிலையைச் சொல்வது விமர்சனமாகாது' என்பார்கள். மென்டோசாவில் உட்கார்ந்து மென்டோசா வாசகனுக்கு எழுதுகிறவர் அப்படிச் சொல்லலாம். நம் நகரத்து உணவகத்தின் பெயரும் ரூபாயில் விலையும் போட்டு, வாங்கலாம் என்ற பரிந்துரையோடு எழுதுகிறவர் சொல்லக் கூடாது. விலையைப் போட்ட கணத்திலேயே அவர் பேசுவது இங்கே விற்கும் பாட்டிலைப் பற்றி. 'ஊருக்கு ஊர் மதிப்பெண் மாற்றவா?' என்ற கேள்வியும் வரும். மதிப்பெண்ணே வேண்டாம் என்பேன். ஆனால் போட்டே தீர வேண்டுமென்றால், ஆம், ஊரைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பழைய கடல் வணிகர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. 18ஆம் நூற்றாண்டில் கோரமண்டல் கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் மதராசில் மடெய்ரா ஒயினை விரும்பிக் குடித்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை. அந்த அட்லாண்டிக் தீவின் ஒயினில் சாராயம் சேர்த்திருப்பார்கள், கப்பலின் அடித்தட்டுச் சூட்டில் வெப்பக் கடல்களைக் கடந்தால் அது கெடுவதற்குப் பதில் மேம்பட்டது. வெப்பக் கடல் சுற்றித் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மதிப்பு இருந்தது. இந்தக் கரையை எந்த மது தாங்கும் என்று கேட்டு வாங்கினார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் கழிந்து, குளிர்பெட்டியும் வெப்பமானியும் கைக்கெட்டும் காலத்தில், அந்த எளிய கேள்வியை நம் விமர்சகர்கள் கைவிட்டிருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. சோற்றோடும் குழம்போடும் ஒயின் வைத்துச் சாப்பிட்ட, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா'க்களின் வீடுகள் இங்கே இருந்தன. அந்த வீடுகளில் ஒயின் ஒரு சாப்பாட்டுப் பொருள். கெட்டிருந்தால் கெட்டது என்று சொல்வார்கள், சமையலுக்குப் பயன்படுத்துவார்கள். இன்று அந்தப் பழக்கத்தின் பெயரை விற்கிற உணவகப் பட்டியல்கள், பாட்டில் எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கின்றன. ஆண்டிஸ் பனியைப் பற்றிப் பத்து வரி இருக்கும், அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

உயரப் பித்து நம் பக்கத்து ஒயினையும் மறைக்கிறது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் 900 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் குரோவர் ஒயின் நிறுவனத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. அர்ஜென்டினாவின் கஃபாயாத்தே மலைப்பகுதியில் 1988 முதல் ஆலோசகராக இருந்த பிரெஞ்சு ஒயின் வல்லுநர் மிஷெல் ரோலான் 1990களில் குரோவருக்கும் ஆலோசனை சொன்னார். அந்தத் திராட்சைக்கு ஆண்டிஸ் இரவு கிடைக்காது, 13 டிகிரி வட அட்சத்தில் 900 மீட்டர் என்பது வெதுவெதுப்பான இடம்தான். அந்த ஒயின் உக்கோ மால்பெக்குக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஓரிரவு லாரிப் பயணத்தில் இங்கே வந்துவிடும். நிலநடுக்கோட்டைக் கடந்து, கிடங்கில் வெந்து, அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த 94 மதிப்பெண் மால்பெக்கும், போன மாதம் புறப்பட்ட நந்தி ஒயினும் ஒரே மேசையில் திறக்கப்பட்டால் எது உயிரோடு இருக்கும்? அந்தச் சோதனையை முகச்சீட்டை மறைத்து, நம் கடைகளில் வாங்கிய பாட்டில்களைக் கொண்டு செய்வதுதான் விமர்சனம் என்ற பெயருக்குப் பொருந்தும்.

செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. விமர்சகர் காசு கொடுத்துக் கடையில் வாங்கட்டும். வாங்கிய மாதத்தையும், பாட்டில் குளிரில் இருந்ததா அலமாரியில் இருந்ததா என்பதையும் எழுதட்டும். தக்கை மேலெழும்பி இருந்ததா, உறைக்குக் கீழே ஒயின் கசிந்து பிசுபிசுத்ததா, கழுத்தில் திரவமட்டம் இறங்கியிருந்ததா என்று பார்க்கட்டும். வெப்பமானியை உள்ளே விட்டு எந்த டிகிரியில் சுவைத்தார் என்று சொல்லட்டும். அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள் என்ற ஐரோப்பிய அறிவுரையை அப்படியே பெயர்த்து எழுதுவதை நிறுத்தட்டும். அந்த அறிவுரை பிறந்த காலத்தில் அவர்கள் அறை 17 டிகிரி, நம் அறை 32. 32 டிகிரியில் எந்த மால்பெக்கும் சாராய நெடியாகத்தான் மூக்கில் ஏறும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, குடிப்பதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் எடுத்து வையுங்கள் என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி 94 என்ற எண்ணைவிட வாசகருக்கு அதிகம் உதவும். இறக்குமதியாளர் ஒட்டும் பின்பக்கச் சீட்டில் சரக்கு இந்தியாவில் இறங்கிய தேதியைப் பெரிதாக அச்சிடச் சொல்லி விமர்சகர்கள் ஒன்றாகக் கேட்டால், நடக்கவும் கூடும்.

இதுவரை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு நான் காணும் விடை கடுமையானது. அலமாரியைப் பற்றி எழுதினால் மாதிரி பாட்டில் வராது. சுவைப்பு விருந்துக்கு அழைப்பு வராது. உயரத்தைப் பற்றி எழுதினால் யாருக்கும் வலிக்காது. ஆண்டிஸ் மலை மறுப்பு எழுதப் போவதில்லை. நேர்மையான விமர்சகர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்களும் அழகான தூரத்து மலையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்வரை, இங்கே பணம் கொடுப்பவருக்கு எதிர்த்தரப்பில்தான் நிற்கிறார்கள். அறியாமல் நிற்கிறார்கள் என்று சொல்வது அவர்கள் படிப்புக்குச் செய்யும் அவமதிப்பு. வெப்பம் ஒயினைக் கெடுக்கும் என்பது ஒயின் படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று.

உயர மால்பெக் ஓர் அருமையான பொருள், அதனால்தான் இத்தனை கண்டிப்பு. சாதாரண ஒயின் கெட்டால் இழப்பு சிறிது. குளிரையே தன் குணமாகக் கொண்ட ஒன்றை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விற்பவர்களிடம், அந்தக் குணத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்பதே விமர்சகரின் முதல் கடமை. கத்திரி கழிந்த ஆடி மாதத்தில், கனகசெட்டிக்குளத்துச் சாலையோர அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறந்து சுவைத்து எழுதப்படாதவரை, உயர மால்பெக்குக்கு இங்கே தரப்படும் எந்த மதிப்பெண்ணையும் நான் ஏற்கமாட்டேன். வாங்குபவரும் ஏற்க வேண்டியதில்லை.